அண்ணே என்று கூப்பிடாதவர்

1

இந்த ஊரில் பதினெட்டு வயதில் லைசென்ஸ் வாங்காத பிள்ளையைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா என்று கேட்பார்கள். என் மகள் கயல்விழி போன மாதம் வாங்கிவிட்டாள். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாள். முன்னால் அவள் பக்கத்தில் நான், பின்னால் என் வீட்டுக்காரர். மெல்பர்னுக்கு வந்த நாளிலிருந்து எங்களை ஒருவர் ஓட்டிக்கொண்டு போக நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான். போகும்போது ஒரு குறையும் இல்லை.

திரும்பும்போது சாலையில் போலீஸ் நின்றது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதற்காக வருகிற கார்களையெல்லாம் நிறுத்தி, ஒரு குழாயை நீட்டி ஊதச் சொல்வார்கள். நாங்கள் மூன்று பேரும் குடித்தது பிளாஸ்க்கில் கொண்டுபோன காபி மட்டும்தான். ஆனாலும் காக்கியோ நீலமோ, அந்த உடுப்பைப் பார்த்தால் என் கை தானாகக் கைப்பையில் காகிதங்களைத் தேட ஆரம்பித்துவிடும்.

போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். கயல் கண்ணாடியை இறக்கி, "ஹவ் ஆர் யூ, மேட்" என்றாள். மேட் என்றால் கூட்டாளி என்று பொருள். இங்கே குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவரும் பாங்கு மானேஜரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவரும் சிரித்தபடி குழாயை நீட்டினார். அவள் ஊதினாள்.

அப்போது பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் இறங்கிவிட்டார். தலையில் இருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகட்டி, குனிந்து நின்றார். "சார், டாட்டர் சார். நியூ லைசென்ஸ் சார். சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார். அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. காருக்குள் போய் உட்காரும்படி இரண்டு தடவை சொன்னார். இவர் அசையவில்லை. கடைசியில் அவர் கயலிடம், உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டுக்கு வரும்வரை அவர் குல்லாவை மறுபடி போடவில்லை. வந்ததும் கயல் கேட்டாள்: "ஏன்ப்பா நீ அப்படி நின்ன? நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே." இவர் கொல்லைப்பக்கம் போய்த் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். அன்று காலையில்தான் மழை பெய்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நீயாவது சொல் என்றாள். பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது இது: "அவகிட்ட எதையும் சொல்லிராத டீச்சர். அந்தப் பயம் நம்மளோட போகட்டும்."

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு காலத்தில் நான் மதுரையில் தமிழ் டீச்சர்.

2

மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு 'அண்ணே' என்கிற சொல்லைப் பற்றி நான் எழுதுவது, உங்கள் வீட்டுக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று இங்கிருந்து நான் சொல்வது மாதிரிதான். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தபோது எனக்கும் அது ஒரு சொல்லாகவே தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறினால், "அண்ணே, தல்லாகுளம் ஒண்ணு." டீக்கடையில், "அண்ணே, சீனி கம்மியா." வழியை மறித்து நிற்கிறவரிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே." வயதுக்கு அதில் கணக்கே கிடையாது. நரைத்த மீசைக்காரர், மீசை முளைக்காத கண்டக்டரை அண்ணே என்பார். இரண்டு சைக்கிள்கள் மோதி ஆளுக்கொரு பக்கம் விழுந்து கிடக்கும்போதுகூட, "பாத்து வரக் கூடாதாண்ணே" என்றுதான் சண்டை தொடங்கும். அப்படித் தொடங்குகிற சண்டை ரொம்ப தூரம் போகாது.

என் வீட்டுக்காரர் பெயர் தங்கராசு. அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்தார். ஊரே அண்ணே என்றால், இவர் அதற்கும் ஒரு படி மேலே. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அண்ணே போடாவிட்டால் இவருக்குப் பேச்சே வராது. கூட வேலை பார்த்த வெல்டர் காதர், கோரிப்பாளையத்துக்காரர், இவரை மாப்ள என்பார். வழியில் படுத்திருக்கிற மாட்டைக்கூட மாப்ள 'எந்திரிங்கண்ணே' என்றுதான் எழுப்புவான் என்று அவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். கல்யாணமான புதிதில் அது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. புலவர் படிப்புப் படித்தவள் அல்லவா, வீட்டுக்காரர் எல்லோரையும் 'ஐயா' என்றோ 'தாங்கள்' என்றோ அழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன் போல.

3

வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாதது. இன்ஸ்பெக்‌ஷன் இல்லாத நாட்களில் நடத்துவேன்.

எல்லோரும் கூரையைப் பாருங்கள் என்பேன். அறுபது தலைகளும் மேலே நிமிரும். இப்போது என்ன செய்கிறீர்கள்? அண்ணாந்து பார்க்கிறோம் டீச்சர். வாயைத் திறந்து நாக்கால் மேலே தொடுங்கள். அது என்ன? அண்ணம். அதற்கும் பின்னால் தொங்குகிறதே, அது? அண்ணாக்கு. அப்படியானால் அண் என்றால் என்ன? மேலே டீச்சர். அப்ப அண்ணன்? இந்த இடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும். பிறகு எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: மேலே இருக்கிறவன் டீச்சர். தமக்குப் பின் பிறந்தவன் தம்பி, தமக்கு மேலே நிற்பவன் அண்ணன் என்று முடிப்பேன். பெருமை மிக்கவரை அண்ணல் என்பதும் அந்த வேரிலிருந்துதான் என்று சேர்த்துச் சொல்வேன். அன்று மாலை எல்லாப் பிள்ளைகளும் வாயைத் திறந்து நாக்கை மடித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும்.

வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் உண்டு. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்மை, அண்டை, அணுகுதல் எல்லாம் அந்தக் குடும்பம். அண்ணன் என்றால் பக்கத்தில் இருப்பவன் என்பார்கள். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் 'மேலே' கட்சி. அதனால் நானும் அந்தக் கட்சி.

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். என் சான்றிதழ்களைக் காட்டி இங்கே பள்ளியில் சேர முயன்றேன். ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு அம்மாள், தமிழ் என்பது எந்த நாட்டு மொழி என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார். இன்னும் தெரிவிக்கவில்லை. இல்லத்தில் தொண்ணூறு வயதுக் கிழவரைப் பேர் சொல்லி 'ஜாக்' என்று கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. முதல் வருஷம் முழுக்க யாரையும் கூப்பிடாமல், தட்டை வைத்துக்கொண்டு அவர்களாகத் திரும்பிப் பார்க்கும்வரை முன்னால் போய் நிற்பேன். நான் காது கேட்காதவள் என்று சிலர் நினைத்தார்கள். மரியாதைக்கு ஒரு சொல் இல்லாமல் ஒரு மனிதரிடம் சூப் வேண்டுமா என்று கேட்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

4

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். எந்தக் காவல் நிலையம் என்று எழுத மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து, இத்தனை கடல் தாண்டி உட்கார்ந்திருந்தும் எழுதப் பயமாக இருக்கிறது.

அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் மெல்பர்னில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். லேத் தெரிந்த ஆட்கள் தேவை என்று எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ஸ்டேஷனுக்கு வந்து எஸ்.ஐ.யைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அது நெருக்கடி நிலைக் காலம். டீக்கடையில் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பது நின்றுபோயிருந்தது. எங்கள் தெருவில் ஒரு குமாஸ்தாவை ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் ஆள் வரவில்லை. வந்த பிறகும் ஏன் கொண்டுபோனார்கள் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. யாராவது ஸ்டேஷனுக்குப் போகிறார் என்றால், அவர் திரும்பும்வரை அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அப்படி இருந்தது.

அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காகிதங்களை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினார். துணைக்குக் காதர் அண்ணன். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் வாட்ச்மேன் வந்து, கேட்டில் ஆள் நிற்பதாகச் சொன்னார். காதர் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்ததுமே கேட்டுக்கு ஓடினேன்.

"தங்கச்சி, பதறாத. மாப்ளய ஸ்டேஷன்ல நிப்பாட்டி வச்சிருக்காங்க. எஸ்.ஐய அண்ணேன்னு கூப்ட்டுப்புட்டான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணே என்று கூப்பிட்டால் என்ன? அவர் விவரம் சொன்னார். எஸ்.ஐ. புதுசாக மாற்றலாகி வந்தவர், வடக்கே எங்கேயோ உள்ள ஊர். சின்ன வயசு. இவர் உள்ளே போய்க் காகிதத்தை மேஜையில் வைத்து, "வணக்கம்ணே" என்றிருக்கிறார். எஸ்.ஐ. தலையைத் தூக்கி இவர் வயதைக் கேட்டிருக்கிறார். சொன்னதும், "என்னைவிட மூத்தவன் நீ. நான் உனக்கு அண்ணனா? கிண்டலா?" என்றிருக்கிறார். பயத்தில் இவர் வாயில் என்ன வரும்? பழகியதுதானே வரும். "இல்லண்ணே, தப்பா நெனைக்காதீங்கண்ணே" என்றிருக்கிறார். அதற்குமேல் பேச விடவில்லை. அடி விழுந்த சத்தம் வெளியே நின்ற காதர் அண்ணனுக்குக் கேட்டிருக்கிறது.

கயலுக்கு அப்போது நாலு வயது நிறையவில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே பால்வாடியில் விட்டிருந்தேன். பால்வாடி மதியத்தோடு மூடிவிடும், வேறு யாரிடமும் விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளைக் காதர் அண்ணன் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டார். நான் ரிக்‌ஷாவில் ஏறினேன். வழிநெடுக ரிக்‌ஷாவை ஒட்டியே வந்து அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "ஐயான்னு சொல்லு தங்கச்சி. சாருன்னு சொல்லாத, படிச்ச திமிருன்னு நெனச்சிருவான். எசமான்னும் வேணாம், நடிக்கிறம்பான். ஐயா போதும். அம்புட்டுக்கும் ஐயா போடு." நான் வாய்க்குள் ஐயா, ஐயா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தமிழில் பட்டம் வாங்கியவள், இரண்டெழுத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன்.

5

எஸ்.ஐ. என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மூலையில் என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் நின்றார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. நான் வந்தது தெரிந்தும் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாஸ்போர்ட் காகிதங்கள் மேஜையில் கிடந்தன. எதிலும் கையெழுத்து இல்லை.

நான் டீச்சர் என்றதும், என்ன பாடம் என்று கேட்டார்.

"தமிழ்ங்கய்யா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. என்னைவிட மூத்தவன் என்னை எப்படி அண்ணன்னு கூப்பிடலாம்?"

அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். எங்கள் ஊரில் அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை ஐயா, அது மரியாதை ஐயா என்று ஆரம்பித்தேன். பிறகு பழக்கத்தில் வகுப்புக் குரல் வந்துவிட்டது. அண் என்றால் மேலே. அண்ணாந்து பார்ப்பது, அண்ணம், அண்ணாக்கு, அண்ணல். உங்களை அவர் தனக்கு மேலே வைத்துத்தான் அப்படிக் கூப்பிட்டார் ஐயா. எஸ்.ஐ. நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, இரண்டு கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். நெருங்குதல் என்று சொல்கிற இன்னொரு கட்சியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"நல்லா சொல்லித் தர்றீங்க டீச்சர்" என்றார். எனக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட்டுவிடுவார், வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"அப்ப அண்ணாந்து பாத்துச் சொன்னாத்தான் அது அண்ணன். உங்க வீட்டுக்காரர் என் மேஜையைப் பாத்துச் சொன்னாரு. இப்ப முறைப்படி சொல்லட்டும்."

அவரை வெளியே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிடித்து வைத்திருந்த சைக்கிள்கள் ஒரு ஓரமாகக் குவிந்து கிடந்தன. நடுவில் சிமெண்ட் தரை. மதுரை வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தை நேராக வானத்துக்குத் தூக்கி, கான்ஸ்டபிள் தரையில் லத்தியைத் தட்டும்போதெல்லாம் "அண்ணே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தலை இறங்கினால் முழங்காலுக்குப் பின்னால் அடி.

என்னைப் பெஞ்சிலேயே இருக்கச் சொன்னார்கள். ஜன்னல் கம்பி வழியாக அவர் கழுத்து தெரிந்தது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தொண்டை ஏறி இறங்கியது. முதலில் குரல் கணீரென்று இருந்தது. பிறகு கரகரத்தது. பிறகு வெறும் காற்றுத்தான் வந்தது. லத்தி தட்டுவது நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே காதர் அண்ணன் கயலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவும் முடியாமல் போகவும் மனசில்லாமல் நின்றார். எஸ்.ஐ. உள்ளே உட்கார்ந்து பைல் பார்த்தார். ஒரு தடவைகூட முற்றத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் அவருக்கு மேலேயும் யாரோ இருந்திருப்பார்கள், அவரும் யாரையோ நினைத்துப் பயந்துகொண்டு இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. அன்று அப்படி எதுவும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் அதற்கும் ஏதாவது ஒரு குற்றம் சொல்வார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

வெயில் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறிய பிறகு போதும் என்றார்கள். எஸ்.ஐ. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். குணம் நல்லது, ஆட்சேபம் இல்லை என்று எழுதினார். யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வெளிநாடு போங்கள் என்று சொல்லி என் கையில் கொடுத்தார். நான் "நன்றிங்கய்யா" என்றேன்.

6

கழுத்து ஒரு வாரத்துக்கு இறங்கவில்லை. குனிந்து சாப்பிட முடியாது. காதர் அண்ணன் தினமும் பட்டறை முடிந்து வந்து நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுவார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே ஒரு நாள் என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார். "நீ அங்க மேல, ஒசத்தின்னு என்னென்னமோ சொன்ன டீச்சர். நான் அதெல்லாம் நெனச்சா சொன்னேன்? புது எடம், பயமா இருந்துச்சு. நம்மாளுன்னு நெனச்சுக்கிட்டேன்." நான் படித்த இரண்டு கட்சிகளில் எது சரி என்று அவரைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அண்ணே என்று கூப்பிடவில்லை. டீக்கடையில் "ஒரு டீ" என்பார். பஸ்ஸில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிச் சில்லறையை நீட்டுவார். மதுரையில் ஒரு ஆம்பிளை அண்ணே போடாமல் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் வந்ததும் தங்கராசுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். காதர் அண்ணன் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. விமானம் ஏற வழியனுப்ப வந்தபோது, போயிட்டு வா மாப்ள என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் வாயைத் திறந்தார். கூப்பிட ஒரு சொல் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

இங்கே வந்தும் அப்படித்தான். உடுப்புப் போட்டவர் எல்லோரும் சார். தபால்காரர் சார், டிராம் கண்டக்டர் சார், பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளுக்குச் சாலை கடக்கக் கொடி பிடிக்கிற பாட்டியம்மாகூட ஒரு தடவை சார் ஆகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இவரை ரொம்ப மரியாதைக்காரர் என்று புகழ்கிறார்கள். அது மரியாதை இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

7

கயல் விடவில்லை. அப்பாவுக்கு ஏதோ நோய் என்று நினைத்துவிட்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடுகின்றன. டாக்டரிடம் காட்டலாம், இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். அவள் இனி அடிக்கடி வெளியே வண்டி ஓட்டிக்கொண்டு போகப்போகிறவள். உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு போலீஸ்காரரைப் பார்க்கும்போதும் அவளுக்கு அந்த முற்றம் ஞாபகம் வரும். சொல்லாவிட்டால் தன் அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். எதைக் கொடுப்பது என்று நான் ஒரு வாரம் தவித்தேன். கடைசியில், அவர் தடுத்திருந்தும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை. சமையலறையில் அவள் எனக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கொல்லையில் இருந்தார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மதுரையில் ஒரு நாள் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம் என்று ஆரம்பித்தேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. காதர் மாமா என்னைத் தோள்ல வச்சிருந்தாங்க. நிறைய சைக்கிள் கிடந்துச்சு. அப்பா நடுவுல நின்னு பிளேன் பாத்தாங்க. நானும் மேலே பாத்தேன். அப்பா பிளேனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மதுரையில எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான்."

நான் கையில் இருந்த பாத்திரத்தை மேடையில் வைத்தேன். கதவோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் நாலைந்து தக்காளி. எல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆமா பாப்பா" என்றார். "பெரிய பிளேனு."

"கடைசியில வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. டீச்சரக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மத்தியானம் முழுக்க நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வந்தது என்றேன்.

போலீஸ் விஷயத்துக்கு அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். பட்டிக்காட்டில் வளர்ந்தவன், சின்ன வயசிலிருந்தே போலீஸ் என்றால் பயம், இனிமேல் இறங்க மாட்டேன் என்றார். அவள் அவர் தோளில் கையைப் போட்டு, அடுத்த தடவை காருக்குள்ளேயே இரு என்று அதட்டினாள். அத்துடன் முடிந்தது.

8

அப்படியானால் இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் சொல்ல முடியாததை வேறு எங்கே வைப்பது? அந்த ஊர்க்காரர்களிடம்தானே சொல்ல முடியும். காதர் அண்ணன் போன வருஷம் காலமாகிவிட்டார் என்று தகவல் வந்தது. அந்த முற்றத்தைக் கண்ணால் பார்த்து, நடந்தது என்ன என்றும் தெரிந்தவர்கள் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

இதை எழுத எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு விஷயம். கயலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவாள், அதுவும் சமையலறைத் தமிழ். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஒரு தமிழ் டீச்சர் மகளுக்கு அ, ஆ தெரியவில்லையா என்று இங்கே எல்லோரும் என்னை இடித்துக் காட்டியிருக்கிறார்கள். நானும் அதற்காக அழுதிருக்கிறேன். இந்தப் பக்கங்களை மேஜையில் திறந்துபோட்டுவிட்டு வேலைக்குப் போக முடிந்தபோதுதான் முதன்முதலாக அதற்குச் சந்தோஷப்பட்டேன்.

நேற்று அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரீட்சை முடிந்ததும் மதுரைக்குப் போய்விட்டு வர ஆசையாக இருக்கிறதாம். அந்தப் பிளேன் பேச்சு வந்ததிலிருந்து அதே நினைப்பாம். பஸ் போர்டாவது படிக்கத் தெரிய வேண்டாமா, எழுத்துச் சொல்லிக்கொடும்மா என்றாள். பதில் சொல்வதற்குள் பையிலிருந்து புது நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பிக்கலாம் என்று நாளும் குறித்துவிட்டாள்.

எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து அ எழுதவைத்தவள் நான். சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பக்கங்களைப் பூட்டி வைக்க ஓர் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.